தெருப்பக்கத்து ஜன்னல்

விடுதியில் எல்லோரும் அவளை மூணாம் மாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக அந்த மாடியைச் சுத்தம் செய்கிறவள். இந்த நாட்டுக்குப் போகாதீர்கள் என்று வெளிநாடுகளில் பிரச்சாரம் கிளம்பியபின், பன்னிரண்டு அறைகளில் ஒன்றில்தான் ஆள் இருந்தது. அதில் தங்கியிருந்த வெளிநாட்டு டீச்சரும் இன்று காலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னும் நாலு நாள் இருக்கே?"

"நான் குடுக்கற காசு உங்க அரசாங்கத்துக்குத்தானே போகுது? வந்ததே தப்புன்னு தோணுதுக்கா."

"போகுதுதான். இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மேற்பார்வையாளர் காதில் விழுந்தால் வேலையோடு ஆளும் காணாமல் போகலாம். ஜன்னலுக்கு எதிரே காவல் நிலையம். நேற்று அரசாங்கத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் பிடித்த அவள் தம்பியை அதன் முற்றத்தில் முட்டிபோட வைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர் பார்வை படும் இடத்தில் போலீஸ் கை ஓங்காது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

"தப்பா சரியான்னு ஊருக்குப் போய் யோசிங்க. இப்ப திரையை விலக்கிட்டு ஜன்னல்கிட்ட உக்காருங்கம்மா. அந்த நீலச் சட்டை என் தம்பி."

டீச்சர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

தடியை ஓங்கியிருந்த காவலர் அண்ணாந்து பார்த்தார். தடி மெல்லக் கீழே இறங்கியது.

"எவ்வளவு நேரம்கா உக்காரணும்?"

"அவனை வெளிய விடற வரைக்கும்."

மூணாம் மாடிக்காரி பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப மாட்டத் தொடங்கினாள்.