ஆண்களுக்கு ஐநூறு, பெண்களுக்குக் கைதட்டல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மைதானத்தில் கபடிப் போட்டி. காலையிலிருந்து மைக் பிடித்தவன் நான்தான். பிழைப்புக்கு உரக்கடையில் வேலை. சீசன் வந்தால் வர்ணனை. தமிழ் பாதி, தெலுங்கு பாதியாகக் கலந்து அடிப்பேன். நகரியிலிருந்து தடா வரைக்கும் என் வாய்க்குக் கிராக்கி உண்டு. தற்பெருமைதான், விடுங்கள்.

எங்கள் பக்கத்துக் கபடியில் ஒரு வழக்கம். நல்ல ஆட்டக்காரர் ரைடுக்குக் கிளம்பும்போது கூட்டத்திலிருந்து யாராவது, 'இந்த ரைடுக்கு ஐநூறு' என்பார்கள். பாயிண்ட் எடுத்தால் பணம் அவருக்கு. மைக்கில் உசுப்பேற்றி அதை வாங்கித் தருவது என் வேலை. கமிட்டி தரும் பரிசைவிடச் சில பேருக்கு இதில் அதிகம் தேறும்.

அந்த வருடம் முதல் தடவையாகப் பெண்கள் அணிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்களில் நான்கு அணிகளுக்குப் பரிசு, முதல் பரிசு ஒரு லட்சம். பெண்களுக்கு ஒரே பரிசு, இருபதாயிரம். தோற்றால் ஒன்றும் கிடையாது. அதையும் நான்தான் கணீரென்று வாசித்தேன்.

பெண்கள் இறுதி ஆட்டத்துக்குச் சற்று முன்னால் ஓர் அணியின் கேப்டன் என் மேசைக்கு வந்தாள். ஸ்ரீசிட்டியில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணா, கோச்சிக்காத. ஆம்பள புள்ளிங்க ஏறசொல்லோ 'யாரு குடுக்குறீங்க, யாரு குடுக்குறீங்க'ன்னு கத்துற. நாங்க ஏறசொல்லோ 'தங்கச்சிங்களுக்கு ஜோரா கை தட்டுங்க'ன்ற. கைதட்டலைக் குடுத்தா கண்டக்டரு டிக்கெட் கிழிப்பானா?"

நானும் சிரித்து மழுப்பினேன். "ஜனங்க குடுத்தா நான் வேணான்னா சொல்லப்போறேன், தங்கச்சி?"

"நீ கேக்கவே இல்லியேண்ணா."

சுருக்கென்றது. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னாள். கம்பெனியில் சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தே அணியின் பத்துப் பேரும் லீவு போட்டு வந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பெண்களை, இன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினால் இனி கபடியே வேண்டாம் என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பியிருக்கிறார்கள். "அதுங்க ரெண்டும் நின்னுட்டா டீமே கலைஞ்சிடும்ணா" என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் ரைடுக்கு அவளே போனாள். நான் மைக்கை இறுக்கிப் பிடித்து, "இந்த ரைடுக்கு யாரு குடுக்குறீங்க?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மைக் கட்டாகிவிட்டதோ என்று தட்டிக்கூடப் பார்த்தேன். கமிட்டித் தலைவர் என்னை ஒரு மாதிரி முறைத்தார். மானம் போகிறதே என்று, "என் மைக் கூலியிலேர்ந்து இருநூறு!" என்று கத்திவிட்டேன்.

உள்ளே போன வேகத்தில் அவள் மாட்டிக்கொண்டாள். ஐந்து பேர் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவ்வளவுதான், நாமே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது கோட்டோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா எழுந்து நின்று கை நீட்டிக் கத்தினார்: "அய்ய, புடிச்சா இன்னா? அத்தினி பேரு கீற எடத்துக்கு ஒண்டியா போச்சு இல்ல? பாயிண்டு வராட்டி போவுது, எங்கிட்டேர்ந்து நூறு எழுதிக்கோ!"

அந்தப் பக்கம் முழுக்கப் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து நான் 'அண்ணன்மார்களே' என்றுதான் கூவிக்கொண்டிருந்தேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அக்கா, நீங்க? சின்னம்மா, நீங்க?" என்று ஆரம்பித்தேன் பாருங்கள், முந்தானை முடிச்சுகளிலிருந்து ஐம்பதும் நூறுமாக வந்தன. பிறகு என் வாயை யார் பிடிப்பது? "பைக் மேல குந்திக்கினு கீற கறுப்புக் கண்ணாடி அண்ணா! பூக்காரம்மாவே குடுத்துட்டாங்க, நீங்க போட்டோ எடுக்க வந்தீங்களா?" என்றேன். சிரிப்புச் சத்தத்தில் அவர் நெளிந்துகொண்டே ஐநூறு அனுப்பினார். தெலுங்கில் நான்கு வார்த்தை விட்டேன், எதிர்ப்பக்கத்து ஆட்களும் பணம் கொடுக்க இறங்கிவிட்டார்கள்.

கேப்டன் அணி இரண்டு பாயிண்டில் தோற்றது. ஆனால் ரைடுக்கு விழுந்த பணத்தைப் பங்கு பிரித்தபோது ஒவ்வொருத்திக்கும் ஒருநாள் சம்பளத்துக்கு மேலேயே வந்தது. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி போனில் அப்பாவிடம் குதித்துக்கொண்டே கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "நைனா, தோத்துட்டோம்! ஆனா துட்டு வந்துகீது!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேப்டன் என்னைப் பார்த்து, "தொண்ட கட்டிக்கிச்சாண்ணா? ராவுக்கு மொளகுப்பால் குடி" என்று கிண்டலடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடமும் அதே பத்துப் பேர் வந்தார்கள். பெண்கள் பரிசைக் கமிட்டி ஐம்பதாயிரம் ஆக்கியது. ஆண்களின் லட்சத்தில் அது இன்னமும் பாதிதான். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறேன். பெண்கள் ஆட்டத்துக்கு ஜனங்கள் கொடுக்க மாட்டார்கள் என்று அன்றைக்குக் காலையிலிருந்து ஜனங்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டு, ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்காமல் இருந்தவன் நான்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.