கதாநாயகர்

இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. நாவலக்காவுக்கு அது தெரியும். ஆனால் முன் இருக்கையில் இருக்கிற இளஞ்ஜோடி ஏறியதிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. பாதியில் இறங்கிவிட்டால் மீதியை யாரிடம் போய்க் கேட்பது? “நீ போன் எடுக்கலன்னா நான் என்னன்னு நினைச்சுக்கறது?” என்கிறான் அவன். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நாவலக்கா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்து, காதை மட்டும் முன்னால் அனுப்பிவைக்கிறாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அந்தப் பெண் “சரி, விடு” என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான், சண்டை தீர்ந்துபோயிற்று. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சலித்துக்கொண்டே நாவலக்கா இறங்கித் திரும்பி நடக்கிறாள். அவள் எழுதுகிற கதையாக இருந்தால் அந்தப் பெண் இன்னும் இரண்டு அத்தியாயமாவது வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

உத்தியோகம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில். பெயர் எழுதி, நேரம் கொடுத்து, வீங்கிய கன்னத்தோடு வருபவர்களை உட்காரவைக்கும் வேலை. தாமதமாக வந்தால் பல் டாக்டர் திட்டுவதில்லை. “என்ன எழுத்தாளரே, இன்னைக்கு எந்த ஜோடியக் கொண்டுபோய் விட்டுட்டு வர்றீங்க?” என்று மட்டும் கேட்பார். நாவலக்கா என்ற பெயர் அங்கே எக்ஸ்ரே எடுக்கிற பெண் வைத்தது. கிண்டலுக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டது. ஒரு நாவல்கூட வெளிவராத நாவலக்கா.

எழுதுவது முன்மேசையில்தான், ஆள் வராத இடைவெளிகளில், அச்சுப்பிசகிய மருந்துச் சீட்டுகளின் முதுகில். உள்ளே இயந்திரம் கொர்ரென்று யாருடைய கடைவாய்ப் பல்லையோ குடைந்துகொண்டிருக்கும். இங்கே இரண்டு பேர் மழையில் நனைந்தபடி முதன்முதலாகக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தால் அவள் எழுதுவது நிற்காது. நாயகியும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே நடப்பாள்.

தொழில் எங்கே போகும்? நாயகியை வருணிக்க ஆரம்பித்தால் கண்ணுக்கு முன்னால் பல்லுக்குப் போய்விடுகிறாள். ஆனால் முத்துப்பல் என்று மட்டும் எழுதமாட்டாள். “முத்து மாதிரி பல்லா? நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல. எந்தப் பல்லா இருந்தாலும் ஏதோ ஒரு ஓரத்துல கறுப்பு இருக்கும்” என்பாள். கதாநாயகனுக்குப் பெயர் வைப்பதுதான் பெரும்பாடு. எந்தப் பெயரை யோசித்தாலும், அந்தப் பெயரில் ஒருவர் வந்து நாற்காலியில் கிடந்து அலறியது ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அலறாத பெயராகப் பார்த்து வைக்கவேண்டியிருக்கிறது.

எழுதியதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அடுத்த பழக்கம். சமையலறையில் இரண்டு குரலிலும் அவளே பேசுவாள்; நாயகனுக்குத் தொண்டையைக் கொஞ்சம் கனைத்துக்கொள்வாள். பிரிவுக் காட்சிகளை வெங்காயம் நறுக்கும்போது வைத்துக்கொள்வாள். கண்ணீருக்குத் தனியாகப் பாடுபட வேண்டாம் பாருங்கள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, வீட்டில் விருந்தாளி என்று நினைத்து ஒருநாள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

கூடத்தில் இருந்த கணவர் மட்டும் எட்டிப்பார்த்ததே இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எத்தனையோ கட்டடங்களில் ஆட்களை ஏற்றி இறக்கியவர், வீட்டில் ஒரு வார்த்தையை இறக்கிவைக்கக் கூலி கேட்பார். எதற்கும் “ம்” தான். சாப்பாடு நன்றாயிருந்தால் ஒரு “ம்”, உப்பில்லாவிட்டால் இன்னொரு “ம்”, மகள் பிறந்த செய்தியைச் சொன்னபோதும் ஒரு “ம்”. கிணற்றில் போட்ட கல்லாவது விழுந்த சத்தம் கொடுக்கும். “நல்ல மனுஷன்தான். கெட்ட பேச்சு ஒண்ணு பேசினதில்ல. நல்ல பேச்சும் பேசினதில்ல” என்று எக்ஸ்ரே பெண்ணிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் உண்டு. ஆசையும் உண்டு. அதனால்தானோ என்னவோ, அவளுடைய நாயகர்கள் வாயை மூடுவதே இல்லை. மூச்சுவிடாமல் அரைப் பக்கம் காதல் பேசுவார்கள். வீட்டில் கிடைக்காததையெல்லாம் ஆசை தீர எழுதித் தள்ளினாள்.

ஒரே ஒருமுறை அவர் ஏதோ செய்தார். ராத்திரி சமையலறை மேசையில், சீட்டுகளில் இருந்ததை அவள் குனிந்து தாளில் படியெடுப்பதைப் பார்த்துவிட்டு, எங்கேயோ கழற்றிப்போட்ட லிஃப்ட் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மேசைக்கு மேலே மாட்டினார். “கண்ணு கெட்டுப்போயிடும்” என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசியது அவளுக்கே ஆச்சரியம். ஆனால் அதை எந்தக் கதையிலும் அவள் சேர்க்கவில்லை. விளக்கு மாட்டுவதெல்லாம் காதல் கதைக்கு ஆகுமா?

அனுப்பிய நாவல்களெல்லாம் சுவரில் எறிந்த பந்துபோல் திரும்பி வந்துகொண்டிருந்தன. கடைசியாக அனுப்பியதற்கு மட்டும் பதிப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் நாவல்களைப் பார்க்கிற பெண். மகள் வயதுதான் இருக்கும்.

“அம்மா, கதை நல்லா இருக்கு. இந்தத் தடவை போட்டுடலாம். ஒரே ஒரு விஷயம். ஹீரோவ முழுக்க ‘அவர்’, ‘அவர்’னு எழுதியிருக்கீங்க. ‘அவர் வந்தார், அவர் அவளைப் பார்த்தார்.’ படிச்சா காதலிக்க வந்தவர் மாதிரி இல்லம்மா. வாடகை கேக்க வந்தவர் மாதிரி இருக்கு.”

“மரியாதையா இருக்கட்டுமேன்னுதான்...”

“காதல்ல என்னம்மா மரியாதை? இவரு கதாநாயகன் இல்ல, கதாநாயகர். ‘அவன்’னு மாத்திக் குடுங்க, உடனே அச்சுக்கு அனுப்பறேன்.”

அப்போதுதான் நாவலக்கா தன் எழுத்தைத் தானே புரட்டிப் பார்த்தாள். வில்லன் நுழையும்போதே ‘அவன்’ என்று நுழைந்திருந்தான். வாசகர் சந்தேகப்பட வேலையே வைக்கவில்லை. நாயகன் நாயகியைச் சந்தேகப்பட்டு அழவைக்கிற இடத்தில் ஒரு பத்தி மட்டும் ‘அவன்’ ஆகியிருந்தான். மன்னிப்புக் கேட்டதும் பதவி உயர்வு கிடைத்து மறுபடி ‘அவர்’ ஆகியிருந்தார். இதையெல்லாம் யோசித்து எழுதியதாக அவளுக்கு ஞாபகமில்லை.

மாற்ற உட்கார்ந்தாள். ‘அவர் வந்தார்’ என்பதை அடித்துவிட்டு ‘அவன் வந்தான்’ என்று எழுதினாள். பார்த்தால் வீட்டுக்குள் திருடன் வந்ததுபோல் இருந்தது. அதோடு, ‘அவர்’ஐ மட்டும் வெட்டினால் போதாது, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் வெட்ட வேண்டும், சிரித்தாரைச் சிரித்தான் ஆக்க வேண்டும். அடித்த இடத்திலேயே மேலே மறுபடி ‘அவர்’ என்று எழுதிவிட்டு எழுந்துபோனாள். கல்யாணமான நாளிலிருந்து ஓர் ஆணை நினைத்தால் அவள் மனதில் விழுகிற சொல் அது ஒன்றுதான். எத்தனை உயரமான நாயகனைக் கொண்டுவந்தாலும், எவ்வளவு பேசவைத்தாலும், அவன் போய் நிற்கிற இடம் கூடத்தில் “ம்” கொட்டிக்கொண்டிருப்பவரின் இடமாகவே இருந்தது. அது புரிந்தபோது அவளுக்கு எரிச்சலாக வந்தது. புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, ஓர் எழுத்து குறுக்கே படுத்திருக்கிறது. பதிப்பகத்துப் பெண் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் கேட்டாள். “இதோ, இதோ” என்று நாவலக்கா இழுத்துக்கொண்டே இருந்தாள்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் காலை, நடக்கப் போவதற்காக ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

பக்கவாதம் என்றார்கள். வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பேச்சும் இல்லை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அவருக்குப் பல் எல்லாம் அப்படியே இருந்தன, சொல் போய்விட்டது. அந்த “ம்”கூட இல்லை. அதை வைத்து எத்தனை நாள் குறைப்பட்டிருப்பாள். இப்போது அதில் ஒன்றைக் கேட்க அவள் எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

பல் டாக்டர் அரைநாள் வேலை போதும் என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்துகொண்டாள். மீதி நேரமெல்லாம் நாவலக்காதான். காலையில் முதல் வேலை அவருக்குப் பல் துலக்குவது. “கொஞ்சம் திறங்க. இன்னும் கொஞ்சம். இந்தப் பக்கம் திரும்புங்க.” அள்ளித் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, துணி மாற்றும்போதும் வாயில் வருவது “சாஞ்சுக்கோங்க”, “கையக் குடுங்க” தான். கைதான் அவரைக் குழந்தையாக்கிப் பார்த்துக்கொண்டது. நாவல் மேசை இழுப்பறையில் கிடந்தது. எக்ஸ்ரே பெண் ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினாள்.

மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள். ஒருநாள் மதியம் கூப்பிட்டாள்.

“அப்பா எப்படிம்மா இருக்காரு?”

“இன்னைக்குப் பரவால்லடி. அடம் பிடிக்காம கஞ்சி முழுசாக் குடிச்சுட்டான். வாயத் துடைச்சுவிட்டேன். இப்பதான் கண்ண மூடினான்.”

 மகள் மெதுவாகக் கேட்டாள். “யாரச் சொல்றம்மா?”

“வேற யாரச் சொல்லுவேன், உங்க அப்பா...” என்று சொல்ல வந்தவளுக்கு, தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. வலது கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் சும்மாவே தண்ணீர் வரும், சரியாக மூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் இது எந்தத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“தெரியாம வந்துடுச்சுங்க” என்றாள். காதோரத்தைத் துடைத்துவிட்டாள். “சத்தியமா தெரியாம வந்துடுச்சு.”

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே நாவலை எடுத்தாள். முதல் பக்கத்தில் ‘அவர்’ஐ அடித்து ‘அவன்’ என்று எழுதினாள். இடறவில்லை. அடுத்த வரியும் இடறவில்லை. ‘அவன் அவளைப் பார்த்தான்’, ‘அவன் கையை நீட்டினான்’, ‘அவன் தூங்கிப்போனான்’ எல்லாம் தன்போக்கில் வந்தன. முன்பு திருடன்போல நின்றவன் இப்போது சொந்த வீட்டில் நடப்பதுபோல நடந்தான். இடறாததுதான் அவளுக்கு வலித்தது. மரியாதையோடு வாழ்ந்த ஒரு மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போயிருந்தார். ஊட்டிவிட்டால் மட்டும் சாப்பிடுகிற ஒருவன் அவர் கட்டிலில் கிடந்தான். இத்தனை காலம் வேண்டும் வேண்டும் என்று ஏங்கிய நெருக்கம் இந்த வேஷத்திலா வர வேண்டும்?

பதிப்பகத்துப் பெண் கூப்பிட்டபோது நாவலக்கா முன்மேசையில் இருந்தாள். “இப்பதாம்மா காதலே தெரியுது. ஹீரோவ அப்படியே மடியில வெச்சுக் கொஞ்சற மாதிரி இருக்கு. எப்படிம்மா மாத்தினீங்க?”

“சும்மா... வந்துடுச்சும்மா.”

தொலைபேசியை வைத்துவிட்டுக் கைகழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓய்கிறவரை அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, காத்திருந்தவரிடம் எந்தப் பல் என்று கேட்டாள்.

புத்தகம் வந்துவிட்டது. கெட்டியாகவும் இல்லை, மெலிவாகவும் இல்லை. அட்டையில் அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண் எங்கோ பார்த்துச் சிரிக்கிறாள், பல் வரிசை சந்தேகத்துக்கு இடமில்லாமல் பொய். பல் டாக்டர் கை நிறைய வாங்கி, காத்திருப்போர் மேசையில் பழைய பத்திரிகைகளை எடுத்துவிட்டு அடுக்கிவைத்தார். “வலி தெரியாது பாருங்க” என்று வருகிறவர்களிடம் சொன்னார். எக்ஸ்ரே பெண் ஒரே மூச்சில் படித்துவிட்டு, “அக்கா, அந்த மாதிரி ஒருத்தன் எனக்கும் கிடைக்கணும்” என்றாள். நாவலக்கா சிரித்து வைத்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு காலத்தில் அவள் எழுதியதில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை. படித்துக் காட்டுகிறேன் என்று அவள் கேட்டதும் இல்லை. வெட்கமாக இருந்தது. “புக்கு வந்துடுச்சுங்க. கொஞ்சம் படிக்கறேன். பிடிக்கலன்னா கண்ண மூடிக்கோங்க” என்றாள். அவர் கண்ணை மூடவில்லை.

மழையைப் பற்றிய முதல் சில வரிகள் தடையில்லாமல் போயின. பிறகு அவன் வந்தான். அச்சில், கறுப்பாக, தெளிவாக. அவள் நிறுத்தினாள். கட்டிலைப் பார்த்தாள். அவருக்கு அந்தத் தூரத்திலிருந்து எழுத்து தெரியாது. நீர் கோத்து மங்கிய அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாலும் தெரியாது. இருந்தும் புத்தகத்தைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். கட்டைவிரலை அந்தச் சொல்லின் கடைசி எழுத்தின்மேல் வைத்து மறைத்தாள்.

“அவர் வந்தார்” என்று படித்தாள். “அவர்... அவளைப் பார்த்தார். சிரித்தார்.” ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் வாயிலேயே மாற்ற வேண்டியிருந்ததால், முதல் வகுப்புப் பிள்ளைபோலத் திக்கித் திக்கித்தான் வந்தது. கட்டைவிரல் வரிவரியாக நகர்ந்து, ஒவ்வோர் இடத்தையும் மூடிக்கொண்டே போயிற்று.