ஆறாம் போத்தல்

விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் பக்கீர் முகைதீன் ஒரு போத்தல் தண்ணீரைப் பூதக்கண்ணாடியால் துருவிப் பார்ப்பார். பிறகு கொப்பியைத் திறந்து "ஒன்றுமில்லை" என்று எழுதுவார். நான்கு வருடமாக இதே சொல்தான். இவ்வளவு ஒழுங்காகத் தோற்ற மனிதரைக் கல்முனைக் கரையில் நான் கண்டதில்லை.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் குடுவை கழுவியவர். உலகத்தின் முதல் உயிர் எப்படி உண்டானது என்று விஞ்ஞானிகள் குடுவைக்குள் தேடுகிறார்கள் என்பதை அங்கேதான் கேள்விப்பட்டார். இவர் ஹோர்லிக்ஸ் போத்தலில் தேடினார். கொதிக்கவைத்து வடித்த கடல்நீர், சவளக்கடை வயலுக்கு எறிந்து மிஞ்சிய யூரியாவில் ஒரு சிட்டிகை, ஆட்டோ பிளக்கில் நாலு தீப்பொறி, மேலே மெழுகு. முதல் ஐந்து போத்தலும் பச்சை பிடித்தன. ஊர் கைதட்டியது. இவர் கொட்டிவிட்டார்.

"அது காத்துல வந்து பூந்த பாசி. பழைய உசிர். எனக்கு வேண்டியது புது உசிர்."

மௌலவி கண்டித்தபோதும் அசரவில்லை. "படச்சவன் ஆரெண்டு தெரியும் மௌலவி. எப்பிடிப் படச்சானெண்டு பாத்தா கோவிப்பானா?"

ஆறாவது மட்டும் தெளிவாகவே இருந்தது. சுனாமியில் மனைவி நாச்சியா போய், நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்த பின்னேரம், அதே கடலில் அள்ளியது. "போன உசிர் எங்கயெண்டு எல்லாரும் தேடுறாங்க. நான் அது வந்த வழியத் தேடுறன்," என்றார். நான் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் யூரியாவின் அளவை விளக்கத் தொடங்கிவிட்டார்.

பிள்ளைகளின் கை படாதிருக்க அதைக் குர்ஆனுக்குப் பக்கத்தில், உயரத் தட்டில் வைத்திருந்தார். பிழை அங்கேதான். யுத்தம் முடிந்ததென்று பட்டாசு கொளுத்திய அன்று, அடுத்த வீட்டுச் சபியா உம்மா ஷெல் விழுகிறதென்று பதறி ஓடிவந்தார். தட்டில் இருந்ததைப் பயம் தெளியக் குடிக்கும் ஓதின தண்ணீர் என்று நினைத்து, மெழுகை உடைத்துக் குடித்தும்விட்டார். நானும் பக்கீர் முகைதீனும் கடைத்தெருவிலிருந்து வந்தபோது போத்தல் காலி.

"பயம் தெளிஞ்சிட்டு தம்பி. உப்புக் கரிச்சிச்சி. அழுதழுது ஓதியிருக்காங்க எண்டு நினைச்சன்."

சத்தம் போடுவார் என்று பார்த்தேன். அவர் வெறும் போத்தலைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு கொப்பியில் திகதி போட்டு, பூதக்கண்ணாடியை எடுத்தார். சபியா உம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நாக்க நீட்டுங்க ராத்தா."