தராசில் வைத்த பெருவிரல்

சித்திக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கொச்சிக்கடையில் எங்கள் வீட்டு மேல்மாடியில்தான் அவரும் சித்தப்பாவும் இருந்தார்கள். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால், சித்தியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் நாள், கர்ப்பிணிகளைப் பார்க்கும் எங்கள் பகுதி மருத்துவமாது சித்தியைத் தராசில் ஏற்றினார். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. பிறகு சித்தியின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவைப் பிடித்தார். அளவு அவருக்குப் பிடிக்கவில்லை.

"காணாது தங்கச்சி. தாய் இப்பிடி மெலிஞ்சிருந்தா பிள்ளை மாசம் முடிய முன்னமே பிறக்கக்கூடும். அடுத்த கிளினிக்குக்கு ரெண்டு கிலோவாவது கூடி வாங்க."

நான் அதை ஒரு போட்டி என்று எடுத்துக்கொண்டேன்.

கிளினிக்கில் தந்த திரிபோஷா சத்துமாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, அம்மா காலையில் உருண்டை பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். சித்தி ஒன்றை வாயில் வைப்பார், உடனே குமட்டும். தட்டு என் பக்கம் வரும். "அம்மாட்ட சொல்லாதிங்க, என்ன?" இரகசியத்தைக் கடைசிவரை காப்பாற்றினேன். உருண்டைகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த கிளினிக்கில் சித்தி தராசில் ஏறியபோது நான் எட்டி முள்ளைப் பார்த்தேன். முள் பழைய இடத்திலேயே நிற்கப் பார்த்தது. பின்னால் நின்ற நான் செருப்பைக் கழற்றி, பெருவிரலால் தராசின் ஓரத்தை அழுத்தினேன். முள் துள்ளிக்கொண்டு ஏறியது. மூன்று கிலோ! மிஸ்ஸின் முகமெல்லாம் சிரிப்பு. அட்டையில் எழுதுமுன் நாடாவை எடுத்துச் சித்தியின் கையைச் சுற்றினார். அது போன மாதத்து அளவிலேயே இருந்தது. அவர் மெதுவாகக் குனிந்து பார்த்தார்.

"மகள், காலை எடுங்க பாப்பம்."

முள் விழுந்தது.

"சாப்பிட ஏலாம இருக்கு மிஸ். எல்லாம் குமட்டுது," என்றார் சித்தி.

"அப்ப தந்த மாவெல்லாம்?"

சித்தி என்னைப் பார்த்தார். மிஸ் என் கன்னங்களைப் பார்த்தார். "ஓ, விளங்குது."

ஏச்சு விழும் என்று நின்றேன். அவரோ எங்களை டொக்டரிடம் அழைத்துப் போனார். இரத்தம் பார்த்தார்கள், இரும்புச்சத்தும் குறைவு. குமட்டலுக்கு மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தரம் சாப்பிடச் சொன்னார்கள். மிஸ் எனக்கும் ஒரு வேலை தந்தார். "சித்தி ரெண்டு வாய் சாப்பிட்டாத்தான் உங்களுக்கு ஒரு வாய். சரியா?"

விடுமுறை முடிந்த பிறகும், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன். முட்டை, நெத்தலி, கீரை எல்லாவற்றுக்கும் நானே காவல். அடுத்த கிளினிக்குக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுப் போனேன்; முள் தானாகவே ஏறியபோது கைதட்டிவிட்டேன். வரிசையில் இருந்த தாய்மாரும் காரணம் தெரியாமலே தட்டினார்கள்.

மாதம் நிறைந்தே தங்கச்சி பிறந்தாள். வார்டில் தாதி "ரெண்டு கிலோ தொள்ளாயிரம்" என்றதும் சித்தி விம்மி விம்மி அழுதார். சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைந்துபோன கவலை என்று நினைத்து, "ரெண்டாவது பிள்ளைக்குக் கூட்டுவம் சித்தி," என்று தேற்றினேன்.

இவள்தான் இரண்டாவது என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலாவது ஏழாம் மாதத்திலேயே பிறந்து, இரண்டு நாள் மட்டும் இருந்தவன்.