ஆறு வீட்டுக்கு ஒரு கொசுவலை

கொசுவலைக் கணக்கெடுப்புக்குப் போன பிறகுதான் ஒன்று புரிந்தது: எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு "இல்லை" என்று சொல்ல வாய் வராது. தேடி வந்தவளை வெறுமனே அனுப்பக்கூடாது. ஒரு டம்ளர் மோர் கொடுக்க வேண்டும், கூடவே "இருக்குதுங்க" என்று ஒரு பதிலும் கொடுக்க வேண்டும்.

ஒரு கல்லூரிக்காரர்களின் ஆய்வு அது. மலேரியா வராமல் இருக்க வீட்டில் வலை கட்டுகிறார்களா, நேற்று ராத்திரி அதற்குள் எத்தனை பேர் படுத்தார்கள் என்று கேட்க வேண்டும். வாயால் சொன்னதை நம்பாமல் வலையைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. வலை இல்லாத வீட்டுக்கும் கிழிந்துபோன வீட்டுக்கும் புதிது கொடுப்பார்கள்.

எலப்புள்ளிப் பக்கம் ஒரு சந்து, வரிசையாக ஆறு வீடுகள். முதல் வீட்டு அக்கா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க டீச்சர். வலைதானுங்களே? இருக்குதுங்க, வந்து பாருங்க."

தோளில் பையும் கையில் காகிதமும் இருந்தால் இங்கே எந்தப் பெண்ணும் டீச்சர்தான். உள்ளே கட்டிலின் மேல் வலை கிடந்தது. ஒரு மூலையில் மஞ்சள் கறை. இருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். இரண்டாவது வீட்டில் ஜன்னல் கம்பியில் வலை தொங்கியது. அதிலும் மஞ்சள் கறை. ஒரே சந்தில் எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் பூசுகிறார்கள் போலும் என்று நினைத்தேன். நான் அவ்வளவு நல்லவள். மூன்றாவது வீட்டில் வாசலிலேயே நிறுத்தி மோர் கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை உள்ளே விடவில்லை. பின்பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, அப்புறம் "வாங்க வாங்க" என்று உபசாரம். உள்ளே அதே மஞ்சள் கறை.

நான்காவது வீட்டில் கறையோடு ஒரு கிழிசலும் சேர்ந்திருந்தது. வேலியில் இழுபட்ட கிழிசல். கிளுவை முள் ஒன்று ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஐந்தாவது வீட்டுக்கு வரும்போது வீடுகளின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டேன். முன்பு பஞ்சாயத்தில் கொடுத்த வலைகள் எல்லாம் கோழிக்கூட்டிலும் கீரைப் பாத்தியிலும் இருந்தன. எலப்புள்ளிக் கோழிகளுக்கு மலேரியா வராது, அது உறுதி. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் ஒரே வலை வேலி தாண்டிக்கொண்டிருந்தது. யாருடையது என்று பார்த்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவதுக்கும் "இருக்கிறது" என்றே எழுதினேன்.

ஆறாவது வீட்டில் நிறைமாதக்காரி ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் நான்கு ஆணி, நான்கிலும் இழுத்துக் கட்டப் பழகிய கயிறு. நடுவில் ஒன்றும் இல்லை.

"வலை இருக்கா?"

"இல்லீங்க டீச்சர்."

அன்றைக்கு நான் கேட்ட முதல் "இல்லை" அது. நான் கயிறுகளைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் முதல் வீட்டு அக்கா வலையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார்.

"அம்மிணி, டீச்சரு போயாச்சா?"

டீச்சரு போகவில்லை. நான் கத்திவிட்டேன். "அஞ்சு வீட்டுக்கு இருக்குன்னு எழுதியிருக்கேன். இனி அந்த அஞ்சு வீட்டுக்கும் வலை வராது. தினமும் கட்டித் தூங்கற ஒருத்தியோடதையும் கிழிச்சாச்சு. கர்ப்பிணிக்கு மலேரியா வந்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அந்தப் பெண்தான் பேசினாள்.

"அக்காவைத் திட்டாதீங்க டீச்சர். போன மழைக்கு எங்க ஊட்டுக்காரருக்கு அந்தக் காய்ச்சல் வந்துதுங்க. பாத்தனுங்க, எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அம்மா இல்லீங்க. அவருக்கு நைட் சிப்டு. வலி எடுத்தா ஆட்டோவுல என்கூட வர்றது அக்காதானுங்க. அவங்க வந்து வலை கேக்கறப்ப எப்படிங்க மாட்டேன்கறது?"

என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் கொசுவுக்குப் பயந்தவள்தான். தனியாகிவிடுவோமோ என்று அதைவிட அதிகமாகப் பயந்திருந்தாள். அக்கா அவளிடம் ஊசி நூல் வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்து கிழிசலைத் தைக்கத் தொடங்கினார். நான் ஐந்து தாளிலும் அடித்து "இல்லை" என்று திருத்தினேன். ஆறாவதில் "இருக்கிறது, கிழிந்தது" என்று எழுதினேன்.

புது வலைகள் வந்த பிறகு சரிபார்க்க மறுபடி போனேன். ஐந்து வீட்டிலும் பீரோவைத் திறந்து, பிரிக்காத பாக்கெட்டை எடுத்துக் காட்டினார்கள். "கட்டினா அழுக்காயிருமுங்க டீச்சர்." நான் தலையில் அடித்துக்கொண்டேன், மோர் குடித்தேன்.

ஆறாவது வீட்டில் பெண் குழந்தை. வலை நான்கு கயிற்றிலும் விறைப்பாக நின்றது.

"நேத்து ராத்திரி இதுக்குள்ள எத்தனை பேர்?"

"மூணு பேருங்க."

"வீட்டுக்காரருக்கு நைட் சிப்டுதானே? மூணாவது யாரு?"

அடுப்படியிலிருந்து பூண்டு வாசனையோடு குரல் வந்தது. முதல் வீட்டு அக்கா.

"நானுங்க டீச்சர். பச்சை ஒடம்புக்காரியத் தனியா உட முடியுங்களா?"