சம்பந்தி கொடுத்த தேக்குப் பலகை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தேக்குப் பலகையைக் கொன்றுவிட்டேன்.

என் பலகையாக இருந்தால் பரவாயில்லை. சம்பந்தி கொடுத்தது. மாப்பிள்ளை பிறந்த வருஷம், காங்கேயம் பக்கம் தன் தோட்டத்தில் அவரே நட்ட மரம். இந்த வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம். "பேர்ப் பலகையை நீங்களே செதுக்கிப்போடுங்க சம்பந்தி" என்று பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். ஏன் என்னிடம்? ஒரு கல்யாண வீட்டில் என் மெஷினைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாமல், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

சிஎன்சி ரௌட்டர் – கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் தானாகவே செதுக்கும் மெஷின். டேபிள் மேல் வைக்கிற அளவில் ஒன்றை நானே டிசைன் செய்து, கணபதி ஏரியாவில் என் வீட்டு கார் ஷெட்டில் எட்டு மாதமாகக் கட்டினேன். அதுவரை கார் வெயிலில்தான் நின்றது. மனைவி அந்தப் பக்கமே வருவதில்லை.

பக்கத்து வீட்டுப் பழனிசாமி லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒவ்வொரு கட்டத்திலும் அவரைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன். எப்போதும் ஒரே பதில்தான்: "நல்லா இருக்குதுங்க."

சோதனைக்கு பிளைவுட்டில் செதுக்கியபோது எழுத்து கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது. பழனிசாமியே நல்லா இருக்கிறது என்கிறாரே... என் மூக்குக் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஞாயிறன்று சந்தேகம் தீர்ந்தது. 'தென்றல்' என்ற வீட்டுப் பெயர், பஸ்ஸில் தூங்குகிறவன் மாதிரி ஒரே பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. ஓரத்தில் போட்ட வட்டப் பூ முட்டையாகிவிட்டது. பலகையைத் திருப்பிப் போடலாமே என்கிறீர்களா? ஆழமும் தப்பி, இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.

பழனிசாமி மூலைமட்டத்தோடு வந்தார். வைத்துப் பார்க்கக்கூட இல்லை.

"மெஷினோட குறுக்குச் சட்டம் கோணலா உட்கார்ந்திருக்குதுங்க. தை மாசமே பார்த்தேனுங்க."

"ஏனுங்க, அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"ஆசை ஆசையாச் செஞ்சுட்டு இருந்தீங்க. காபி வேற குடுத்தீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?"

நம்ம ஊர் மரியாதையைப் பற்றி நான் எழுதும் இதே பக்கத்தில் எத்தனை முறை பெருமையடித்திருக்கிறேன்! இத்தனை வருஷமாக என்னுடைய எந்தெந்தக் கோணலையெல்லாம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிப் போனார்களோ... யாரைப் போய்க் கேட்பது?

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஷெட்டில் அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. வேறு தேக்கு கடையில் கிடைக்கும். அவர் மகன் பிறந்த வருஷத்தில் நட்ட மரம் எந்தக் கடையில் கிடைக்கும்?

சாயங்காலம் சம்பந்தி போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"ஏனுங்க சம்பந்தி, பேரு செதுக்கியாச்சுங்களா? எப்படி வந்திருக்குதுங்க?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நல்லா வந்திருக்குதுங்க."