மேடில்லாத ஊரில் மலையேறும் கியர்

அத்தைக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அத்தையின் ஆசை ஒரு சைக்கிள். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த அப்பா, தன் தங்கைக்கு வந்த வரன்களையும் தேங்காயைப் போலவே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையோ ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை முடிந்து வந்ததும், சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களின் வீடியோக்களைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது.

"வேளாங்கண்ணிக்கு சைக்கிள்லயே வர்றேன்னு மாதாவுக்கு வேண்டிக்கிட்டேண்ணே" என்று ஒருநாள் அவள் சொன்னதும் அப்பா குளிர்ந்துபோனார். கல்யாணம் கூடிவர வைத்த நேர்த்தி என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். வருஷாவருஷம் கொடியேற்றத்துக்குக் காவி கட்டிக்கொண்டு எங்கள் தெரு வழியாக எத்தனையோ பேர் நடந்து போகிறார்கள். நேர்ந்துகொண்டதை யார் தடுப்பது? ஒரே ஒரு நிபந்தனை போட்டார். போய் வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவார்கள், அத்தை குறுக்கே பேசக் கூடாது. அத்தை தலையை ஆட்டினாள். அது எந்தப் பக்கம் ஆடியது என்று அப்பா கவனிக்கவில்லை. அவளுக்குக் கிடைக்கப்போவது இந்த ஒரே பயணம்தான் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சைக்கிள் வாங்கத் தஞ்சாவூர் போனபோது என்னையும் அழைத்துப் போனாள். எனக்கு ஒன்பது வயது. என் அபிப்பிராயம் கேட்கத்தான் கூட்டிப் போகிறாள் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவ்வளவு பெரிய சைக்கிள் கடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரில் உயரத்தில் தொங்கிய ஒன்றை விரல் நுனியில் தூக்கலாம் என்றார்கள். அதன் விலையைக் கேட்டதும் அத்தை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் சேர்த்து வைத்திருந்த சம்பளத்துக்குள் அடங்கியவை இரண்டு. இரண்டுக்கும் ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்து, கிடா ஆட்டுக் கொம்பு போல இருந்தது. ஒன்று சிவப்பு, பளபளவென்று, மெல்லிய டயரோடு. மற்றொன்று இரும்பு, குளத்துப் பாசி நிறம். நான் சிவப்பின் மணியை அடித்து என் தீர்ப்பைச் சொன்னேன்.

அத்தை பாசி நிறத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கேரியர் மாட்டத் துளை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். டயருக்கும் பிரேமுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தாள். "இது ஒடைஞ்சா எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலயும் ஒட்டிக்கலாம்ல?" என்று கேட்டாள். கடைக்காரர் அதுவரை எங்கள் கூட ஆம்பளை யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். வீட்டில் குனிந்த தலை நிமிராத என் அத்தையா இது என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"ஹேண்டில் ஏன் இப்படிக் கோணலா இருக்கு?" என்று கேட்டேன்.

"நாள் முழுக்க ஒரே எடத்துல புடிச்சா கை மரத்துடும். இதுல மேல, நடுவுல, கீழன்னு மாத்தி மாத்திப் புடிச்சுக்கலாம்."

வேளாங்கண்ணி அவ்வளவு தூரமா என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு விஷயத்தில் பேச்சு முட்டி நின்றது. பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைப் பெரியதாக மாற்றித் தரச் சொன்னாள் அத்தை.

"அது மலை ஏறுறவங்களுக்குங்க மேடம். நம்ம பக்கம் ஏது மேடு? ஆத்துப் பாலத்தை விட்டா எல்லாம் வயக்காடுதானே? அதுக்குப் பதிலா நல்ல லைட்டு, மீட்டரு எல்லாம் போட்டுத் தர்றேன்."

"லைட்டு வேணாங்க, மீட்டரும் வேணாம். இதை மட்டும் மாத்திக் குடுங்க."

மாற்றி, கேரியரும் மாட்டி முடித்ததும், அத்தை என்னைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைத்தாள். "இருபது கிலோ இருப்பியாடி?" என்று கேட்டபோதுதான் எதற்காக நான் அழைத்து வரப்பட்டேன் என்பது விளங்கியது. அபிப்பிராயத்துக்கு அல்ல, எடைக்கு.

அதற்காகக் கோபித்துக்கொள்ள எனக்கு நேரமே கிடைக்கவில்லை. சைக்கிள் நேராக ரயில்வே மேம்பாலத்துக்குப் போனது. மற்றவர்கள் அந்தச் சரிவில் இறங்கித் தள்ளுவார்கள், அல்லது எழுந்து நின்று மிதிப்பார்கள். அத்தை சீட்டை விட்டு எழவே இல்லை. ஏதோ ஒன்றை விரலால் தட்டினாள். செயின் 'கடக்' என்று மாறியது. அவள் கால்கள் வேகமாகச் சுழல, சைக்கிள் மெதுவாக, நிற்காமல் ஏறியது. பக்கத்தில் ஏறிய லோடு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். உச்சிக்கு வந்தபோது பெரிய கோயில் கோபுரம் தெரிந்தது. அத்தைக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. உலகத்தில் இவளால் முடியாதது எதுவுமில்லை என்று அவள் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் நம்பினேன். இன்றும் அந்த நம்பிக்கையில் பெரிய மாற்றமில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா கூடத்தில் நின்ற சைக்கிளைச் சுற்றி வந்தார். "இதென்ன, பின்னாடி பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு?"

தெரிந்த பதிலை எந்தக் குழந்தை அடக்கி வைக்கும்? "மலை ஏறுறதுக்குப்பா!" என்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அத்தையின் கை அப்படியே நின்றது. அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "வேளாங்கண்ணிக்குப் போற வழியில எந்த மலைம்மா இருக்கு? கடைக்காரன் உங்க அத்தை தலையில நல்லா மொளகா அரைச்சுட்டான்!"

அத்தையும் அவசரமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளை ஒருமுறை பார்த்தாள், அத்தையை ஒருமுறை பார்த்தாள், ரசம் எடுத்து வர உள்ளே போய்விட்டாள்.

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து சைக்கிளை மந்திரித்த அந்த வாரமே அத்தை கிளம்பினாள். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வராமல் மேற்கே திரும்பினாள். 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் தினமும் மெசேஜ் அனுப்பினாள். ஆறாம் நாள் கொடைக்கானலிலிருந்து போன் செய்தாள். அப்பா மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியாமல் மண்டியே கதி என்று கிடந்தார். இதெல்லாம் பிறகு நடந்தது.

கிளம்பிய அன்று விடியற்காலையில் நான் பார்த்தது வேறு. அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து வந்தாள். கல்யாணமான புதிதில் அப்பாவோடு கொடைக்கானல் போனபோது வாங்கியது. அதன் பிறகு அம்மா எந்த மலைக்கும் போனதில்லை. அதை உதறி, மடித்து, கேரியரில் கட்டியிருந்த பையின் அடியில் துணிகளுக்குக் கீழே அழுத்தி வைத்தாள்.

பாவம், தூக்கக் கலக்கத்தில் எதையோ எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தேன். வேளாங்கண்ணியில் வெயில் மண்டையைப் பிளக்குமே. உதவி செய்கிற எண்ணத்தில் பைக்குள் கையை விட்டு அதை வெளியே இழுத்தேன்.

அம்மா என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். எதற்கு அடித்தாள் என்று தெரியாமல் அழுதேன். அப்பா எழுந்துவிடப் போகிறார் என்று என் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவும் ஏன் அழுகிறாள் என்பதும் எனக்குப் புரியவில்லை.